என் மனைவியைப் படுக்கவைத்த மனு

கொடைக்கானலில் ரோட்டு மட்டத்தில் ஒரு அறையைக் கட்டி, அதோடு ஒரு பாத்ரூமையும் சேர்த்துக் கட்டினால் ஊர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும். சீசனுக்கு என்ன வாடகை? நானும் இந்த ஊர்க்காரன்தான். இருபத்தாறு வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன். அப்படிப்பட்ட அறைகளின் வாசலில் எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறேன். எனக்கு அது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் என் மனைவிக்காக அறை கட்டினேன், அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் வீடு நாயுடுபுரத்தில் ரோட்டிலிருந்து இருபத்திரண்டு படி கீழே இருக்கிறது. மலைச்சரிவில் இடம் வாங்கினால் அப்படித்தான் கிடைக்கும். என் மனைவி பதினெட்டு வருஷம் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். வெள்ளனே எழுந்து அந்தப் படிகளை ஓட்டமாக ஏறிப் போவாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். பிறகு முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிரோடு திரும்பி வந்தாள், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

ஏழு மாதம் கீழ்வீட்டிலேயே கிடந்தாள். அவள் கட்டிலுக்கு எதிரே இருந்த ஜன்னலைத் திறந்தால், மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல்சுவர்தான் தெரியும். காலையில் வெயில் வருகிறதா, மேகம் இறங்குகிறதா என்று என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டுமென்றால் நாலு ஆள் வேண்டும். பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, சேலையால் கட்டி, படிப்படியாகத் தூக்கிக்கொண்டு போவோம். "கேஸ் சிலிண்டர் ஏத்துற மாதிரி ஏத்துறீங்க" என்று முதல் தடவை கேலி பேசினாள். மூன்றாம் தடவைக்குப் பிறகு ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் ஏற்கெனவே மண்ணுக்குள்ளதாங்க இருக்கேன். மேல மூடி மட்டும் போடல" என்றாள்.

அந்த வாரமே வேனை விற்றேன். ரோட்டோரத்தில் வேன் நிறுத்தும் ஷெட் ஒன்று இருந்தது. அதை அறையாக்கினேன். என்ன வேண்டும் என்று அவளே கட்டிலில் கிடந்தபடி சொன்னாள். நிலையில் படி கூடாது. கதவு அகலமாக வேண்டும். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில். வாசலில் வீல்சேர் இறங்குகிற மாதிரி சிமென்ட் சரிவு. கொத்தனார் கம்பியை இரண்டு அங்குலம் மேலே வைத்துவிட்டார் என்று மறுபடியும் பிடுங்கி வைக்கச் சொன்னாள். சமையலறை கீழ்வீட்டில்தான். அதனால் மேலே ஒரு மின்சாரக் கெட்டில், ஒரு தட்டில் இரண்டு கப், ஒரு டப்பா சர்க்கரை. அவளுக்கு ஒரு கட்டில், எனக்கு ஒரு கட்டில்.

குடிபோன மறுநாள் காலை, தானே வீல்சேர் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அந்தச் சரிவில் வந்து நிறுத்தினாள். முகத்தில் வெயில் அடித்தது. எதிரே ஒரு கார் டிரைவர் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தான். "ஏலே, ஒடிச்சுத் திருப்புலே, சுவத்துல இடிக்கப் போற!" என்று கத்தினாள். நான் கீழே படியில் நின்று அதைக் கேட்டு அழுதேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் அங்கேதான் இருப்பாள். பள்ளிக்கூட ஆயாக்கள், காய்கறி வண்டிக்காரர், அட்டுவம்பட்டிப் பக்கம் போகிற ஆட்டோக்காரர்கள், எல்லாரோடும் பேச்சு. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கே அவள்தான் சொல்வாள்.

பிறகு வீட்டு வரிக்கு அளக்க வந்தார்கள். ஷெட் இப்போது அறையாகிவிட்டது, அதனால் வரி கூடும் என்று ஒரு தாள் வந்தது. கட்ட முடியாத தொகை என்றெல்லாம் இல்லை. பேசாமல் கட்டியிருக்கலாம். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். நடக்க முடியாதவளுக்கு ஒரு கதவை அகலமாக வைத்தால் அதற்கும் வரியா, சரிவுக்கும் வரியா, கம்பிக்கும் வரியா என்று டீக்கடையில் கத்தினேன். அங்கே இருந்த ஒருவர், மாற்றுத்திறனாளிக்காகக் கட்டின பகுதிக்குச் சலுகை கேட்கலாம், மனு எழுதிக் கொடுங்கள் என்றார். அன்றைக்கே எழுதினேன். அவளுடைய அடையாள அட்டை நகலை வைத்து, ஆபீஸ் கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த மனுவை நான் கொடுக்காமல் இருந்திருந்தால் எங்கள் வாசலுக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள். அதை நினைத்து எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு வாரத்தில் ஆபீசர் இடத்தைப் பார்க்க வருகிறார் என்று போன் வந்தது. அவ்வளவுதான், என் மனைவிக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. "ஆபீசர் வர்ற ரூம்பு இப்பிடியா கெடக்கும்?" என்று காலை ஐந்து மணிக்கே என்னை எழுப்பினாள். மருந்து, மாத்திரை, பஞ்சு, கையுறை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். இரண்டு கட்டிலிலும் வெள்ளை விரிப்பு. அவள் சக்கரத்தில் சுற்றிச் சுற்றி வந்து மூலையை மடித்து உள்ளே செருகினாள். ஒரு சுருக்கம் இல்லை. துண்டுகளை ஹோட்டலில் மடிக்கிற மாதிரி மடித்துக் கட்டில் காலடியில் வைத்தாள். பாத்ரூமில் பிரிக்காத சோப்பு. கெட்டில் தட்டில் கப்புகளைக் கவிழ்த்து, பக்கத்தில் இரண்டு ஸ்பூன். நானும் ரசித்துக்கொண்டுதான் நின்றேன். நோய் வந்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்த்ததில்லை.

முந்தின நாள் மழை. வீல்சேர் சக்கரமெல்லாம் சேறு. "அத ஆபீசர் கண்ணுல காட்டாதீங்க" என்றாள். அவளைத் தூக்கி வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, காலுக்குச் சால்வை போர்த்திவிட்டு, வீல்சேரை மடக்கிப் படியோரம் தார்ப்பாய்க்குள் வைத்தேன். நல்ல சேலை, தலையில் பூ. ஆபீசர் வந்தார். சின்ன வயசு, கீழ்நாட்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், குளிருக்குக் காதை மூடிக் குல்லா போட்டிருந்தார். வணக்கம் சொன்னேன். ஆபீசரை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதல்லவா, காபி போட இருபத்திரண்டு படி இறங்கி ஓடினேன்.

தட்டோடு மேலே வந்தபோது அவருடைய பைக் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. "ரூம்ப பாத்து அசந்துட்டாருங்க" என்றாள் என் மனைவி. "எவ்வளவு நீட்டா இருக்குன்னு ரெண்டு தடவ சொன்னாரு. நோயாளி எங்கன்னு கேட்டாரு. நோயாளி யாரும் இல்ல சார், நான்தான் இருக்கேன்னு சொன்னேன். அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்கல." இரண்டு பேரும் அந்தக் காபியைக் குடித்தோம். வேலை நல்லபடியாக முடிந்தது என்று பேசிக்கொண்டோம்.

பதினொரு நாள் கழித்து நோட்டீஸ் வந்தது. சலுகை மனு தள்ளுபடி. மேலே உள்ள அறை சுற்றுலாப் பயணிகள் தங்கும் காட்டேஜாகப் பயன்படுத்தப்படுவது ஆய்வில் தெரிகிறது. தங்கும் விடுதிக்கு அனுமதி பெறவில்லை. பதினைந்து நாளுக்குள் தகுந்த விளக்கம் தராவிட்டால் அறை பூட்டி சீல் வைக்கப்படும். எழுத்துக் கூட்டிப் படிப்பவன் மாதிரி நான் அதை மூன்று தடவை படித்தேன். பிறகு அறைக்குள் நின்று சுற்றிப் பார்த்தேன். ரோட்டுப் பக்கம் தனி வாசல், இரண்டு கட்டில், மடித்த துண்டு, கெட்டில். நான் வேன் ஓட்டிய காலத்தில் பார்த்திருந்தால் நானே உள்ளே வந்து, மே மாதத்துக்கு என்ன ரேட் என்று கேட்டிருப்பேன். அந்தப் பையன் என்ன செய்வான்?

ஆனால் புரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்? பூட்டிவிட்டால் அவள் மறுபடியும் கீழ்வீட்டுக்குத்தான் போக வேண்டும், அந்தக் கல்சுவருக்கு எதிரே. நோட்டீஸை அவளிடம் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தாள். "எம்புட்டு நல்லா வச்சிருந்தா காட்டேஜுன்னு சொல்லியிருப்பாரு" என்றாள். பிறகு, "நெசமாவே பூட்டுவாங்களா?" என்று கேட்டாள். எங்கள் தெருவிலேயே இரண்டு அறைகளுக்கு அதற்கு முந்தின சீசனில் பூட்டு விழுந்ததை அவளும்தான் வாசலில் உட்கார்ந்து பார்த்தாள்.

ஆபீசுக்குப் போனேன். போனதும் கத்தினேன். அது என் வியாதி. எங்கே கைகட்டி நிற்க வேண்டுமோ அங்கே வாய் நீளும். கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, சத்தம் போட்டா ஃபைல் நகராது. அக்காவுக்கு கார்டு இருக்கு, யாரு இல்லன்னா? ஆனா அந்த ரூம்லதான் அக்கா இருக்காங்கன்னு என்ன ப்ரூஃப்? கீழ உங்களுக்கு வீடு இருக்குல்ல? வீட்டுல ஒருத்தர் பேர்ல கார்டை வச்சுக்கிட்டு ரூமை வாடகைக்கு விடுறவங்க இங்க இல்லையா?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேரிடம், இது காட்டேஜ் இல்லை, குடியிருக்கிற அறைதான் என்று கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.

நாலு கையெழுத்துதானே, அரைமணி நேரச் சோலி என்று நினைத்தேன். எங்கள் தெருவில் சீசன் வந்தால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு அறையைக் காலி பண்ணி, பிள்ளைகளைச் சமையலறையில் படுக்கவைத்துவிட்டு டூரிஸ்டுக்கு விடுவார்கள். நான் வேன் ஓட்டும்போது நானே ஆள் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். இப்போது தன் பெயரையும் கதவு எண்ணையும் எழுதி, காட்டேஜ் பற்றிய ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, அதே ஆபீசுக்கு அனுப்ப யாருக்குத் தைரியம் வரும்? "உங்க வீட்டம்மாவ எங்களுக்குத் தெரியாதா? ஆனா எங்க பேரு அங்க போக வேணாமே" என்றார் ஒருவர். இன்னொரு வீட்டில் கதவையே திறக்கவில்லை, உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டு அம்மாதான் தினமும் காலையில் என் மனைவியோடு அரைமணி நேரம் நின்று பேசுகிறவர். எட்டு வீடு ஏறினேன். வெறும் தாளோடு திரும்பி வந்தேன். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

நாலு நாள்தான் பாக்கி இருந்தது. மறுபடியும் கவுண்டருக்குப் போனேன். இந்தத் தடவை கத்தவில்லை, கத்துவதற்கு உடம்பில் தெம்பு இல்லை. அந்த அம்மாவுக்கு என்னைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "இன்னொரு தடவ வந்து பாக்கச் சொல்லி எழுதிக் குடுங்கண்ணே, நான் சார்கிட்ட சொல்றேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா போன தடவ மாதிரி வச்சிராதீங்க. சீக்காளி இருக்குற ரூம் மாதிரி இருக்கட்டும். அக்காவும் அப்படியே இருக்கட்டும்" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். இன்றைக்கும் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதை என் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அப்படியே சொல்லிவிட்டேன். சரிவில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் போய் மேகம் இறங்கும்வரை அப்படியே இருந்தாள். "சரி. என்னென்ன செய்யணுமோ நீங்களே செஞ்சுக்கிடுங்க. என்னைய எதுவும் கேக்காதீங்க" என்றாள்.

செய்தேன். வெள்ளை விரிப்பை உருவிவிட்டு, கறை படிந்த பழைய விரிப்பைப் போட்டேன். மருந்துப் பையைக் கொட்டி மேஜையெல்லாம் பரப்பினேன். கெட்டிலையும் கப்புகளையும் எடுத்து மறைத்தேன். அவளுடைய யூரின் பேக்குக்கு ஒரு உறை உண்டு. பழைய திரைத்துணியில் அவளே தைத்தது. யார் வந்தாலும் அதை மாட்டாமல் இருக்கமாட்டாள், என் கண்ணுக்குக்கூட அது தெரியக் கூடாது அவளுக்கு. அந்த உறையைக் கழற்றி, பையைக் கட்டிலின் வாசல் பக்கத்துக் கம்பியில் தொங்கவிட்டேன். அன்று காலையில் அவளைக் குளிப்பாட்டவில்லை, தலை சீவவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்தேதான் செய்தேன்.

ஆபீசர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடப் போனவர், எங்களைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கட்டிலைப் பார்த்தார், பையைப் பார்த்தார், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். "சாரிங்க, அன்னைக்கு எனக்குத் தெரியல" என்றார். மனசு இளகின பையன்தான். தாளை எடுத்து எழுத ஆரம்பித்தவர், எழுதிக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு சேர்ல இருந்தாங்களே, இவங்களால தானா எந்திரிச்சு உக்கார முடியுங்களா?"

அவள் வாயைத் திறக்கப் போனாள். அதை நான் பார்த்தேன். அவளால் உட்கார முடியும், சக்கரத்தைத் தள்ள முடியும், கட்டிலுக்கு விரிப்புப் போட முடியும், நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்த முடியும். அவள் சொல்வதற்கு முந்தி நான் சொன்னேன். "முடியாதுங்க சார். அன்னைக்கு நான்தான் தூக்கி உக்காரவச்சேன். எல்லாமே படுக்கைலதான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆபீசர் கையெழுத்துப் போட்டார். எல்லாம் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் தலை மறைந்ததும் ஜன்னலைத் திறந்தேன், வெந்நீர் கொண்டுவந்தேன், நல்ல விரிப்பை எடுத்தேன். "இருக்கட்டும், இதுவே போதும்" என்றாள். அன்று முழுக்க அந்தக் கறை விரிப்பில்தான் படுத்திருந்தாள்.

உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. நோட்டீஸ் ரத்து. சலுகை அனுமதிக்கப்படுகிறது. அறையில் வசிப்பவர் முற்றிலும் படுக்கையில் உள்ளவர். ஒவ்வொரு வருஷமும் மறு ஆய்வு உண்டு. நான் சந்தோஷமாகத்தான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தாளை வாங்கி, அந்த ஒரு வரியை மட்டும் தானும் ஒரு தடவை படித்தாள்.

"அப்ப இனிமே நான் எப்பிடிங்க வெளிய வந்து உக்கார்றது?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். ஆபீசர் இப்போது அட்டுவம்பட்டிப் பக்கம் வீடு பிடித்திருக்கிறார், இனி தினமும் அவருக்கு அதுதான் வழி. வரி வசூலுக்கு வருகிறவர்களும் அந்த ரோட்டில்தான் போகிறார்கள். எந்திரிக்கவே முடியாது என்று எழுதி வாங்கிக்கொண்ட பொம்பளை வாசலில் உட்கார்ந்து டிரைவர்களைத் திட்டிக்கொண்டிருந்தால் யாராவது பார்க்க மாட்டார்களா? கையெழுத்துப் போடாத எட்டு வீட்டில் ஒரு வீட்டுக்காரர் போய்ச் சொன்னால் போதாதா? அதெல்லாம் ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன் என்றேன். "நீங்க இருந்துதான் முடியாதுன்னு சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

சலுகையே வேண்டாம், முழு வரியையும் கட்டிவிடுகிறேன் என்று சொல்ல ஆபீசுக்குப் போனேன். சலுகையை விட்டுக்கொடுத்தால், எதற்காக வாங்கினீர்கள், எதற்காக விடுகிறீர்கள் என்று ஃபைலை மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பார்கள், பழைய நோட்டீஸும் அதில்தான் இருக்கிறது என்றார் அந்த அம்மா. "வேணாம்ணே, கெடைச்சத வச்சுக்கிடுங்க" என்றார். எழுதிக்கொண்டு போன தாளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது காலையில் வெயில் வந்ததும், "வெளிய போவமா?" என்று கேட்கிறேன். சில நாள் வேண்டாம் என்கிறாள். சில நாள், ஆசை தாங்காமல், "மொதல்ல ரோட்டப் பாத்துட்டு வாங்க" என்கிறாள். நான் வாசலுக்குப் போய் வளைவுவரைக்கும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, யாரும் இல்லை என்று சொல்கிறேன். கதவோரம்வரை வருகிறாள், சரிவில் இறங்குவதில்லை. தெரிந்தவர்கள் யாராவது கையாட்டினால் அவள் கையைத் தூக்குவதில்லை. எங்கேயாவது ஒரு பைக் சத்தம் கேட்டால், என்னைக் கூப்பிடாமல் அவளே சக்கரத்தை வெரசாகப் பின்னுக்கு உருட்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.